பிரெஞ்சில் ஈரலுக்குப் பேர் அத்திப்பழத்திலிருந்து வந்ததாமே, நிஜமா?

காரைக்கால்_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன், ஒரு பள்ளிக்கூட கான்டீனில் வேலை. பிரெஞ்சு எனக்கு காதால் வந்த மொழி, படிப்பால் வந்ததில்லை. அதனால் இந்தச் சந்தேகம் உங்களுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம்.

ஈரலுக்கு பிரெஞ்சில் ‘ஃபுவா’. இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்த அன்று, கூட வேலை செய்யும் அம்மா ஒருத்தி முகமெல்லாம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சு என்றேன். ‘க்ரீஸ் து ஃபுவா’ என்றாள். க்ரீஸ் என்றால் நெருக்கடி. ஃபுவா என்றால் விசுவாசம், கோயிலில் அதைத்தான் கேட்டிருந்தேன். ஐயோ பாவம், கடவுள் நம்பிக்கையே ஆடிப்போச்சு போல என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் சாக்லேட்டும் வாத்து ஈரலும் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வயிறு புரட்டி உட்கார்ந்திருந்தாள். இங்கே அதற்குப் பேர் ‘ஈரல் நெருக்கடி’. டாக்டர்கள் அப்படி ஒரு வியாதியே இல்லை என்கிறார்கள், ஆனால் ஊருக்கே அது வருகிறது.

இப்போது விஷயம். ஒன்பது வயது மகனுக்கு வீட்டுப்பாடம், உடல் உறுப்புகளும் அவற்றிலிருந்து பிறக்கும் சொற்களும். பல்லுக்கு ‘தான்’, பல் டாக்டருக்கு ‘தான்தீஸ்த்’. சரி. ஈரலுக்கு? பையன் சொந்தமாக ‘ஃபுவாயிக்’ என்று ஒன்றைச் செய்து எழுதிக்கொண்டு போனான். டீச்சர் சிவப்பு மையால் அடித்து ‘எபாத்திக்’ என்று போட்டிருந்தார். என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்திலும் ‘பிலான் எபாத்திக்’ என்றுதான் இருக்கிறது. ஃபுவாவுக்கும் எபாத்திக்குக்கும் என்னம்மா உறவு என்று பையன் கேட்கிறான். எனக்கு என்ன தெரியும்?

அகராதியைப் பார்த்தால் இன்னும் குழப்பம். ஃபுவா என்பது ‘அத்திப்பழம் ஊட்டிய’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ‘அப்போ கிட்னி கொய்யாப்பழத்திலிருந்து வந்திருக்கும்’ என்று சிரிக்கிறார். இது உண்மையா, யாரோ கட்டிவிட்டதா?

—

சும்மா_நம்பாதே எழுதியது:

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். சொல்லின் பிறப்பு என்று சொல்லப்படுவதில் பாதி டீக்கடைக் கதை. ‘பிஸ்த்ரோ’ கதையைக் கேட்டிருப்பீர்கள். 1814-இல் பாரிசுக்குள் வந்த ரஷ்யச் சிப்பாய்கள் கடைக்காரனைப் பார்த்து ‘பீஸ்த்ரா, பீஸ்த்ரா’, அதாவது சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினார்களாம், அதிலிருந்து பிஸ்த்ரோ வந்ததாம். மோன்மார்த்ரில் கல்வெட்டே பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அச்சில் தலைகாட்டுவது 1880-களில். நடுவே எழுபது வருடம் அது எங்கே போய் ஒளிந்திருந்தது?

அத்திப்பழமும் அதே ரகம் என்று என் மனசு சொல்கிறது. ஆதாரம் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்.

—

புதுவை_வாத்தியார் எழுதியது:

முப்பத்திரண்டு வருடம் புதுச்சேரியில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் கை சும்மா இருக்காது.

அம்மா, அகராதி சொல்வது நிஜம். தம்பி கேட்ட ஆதாரத்துக்கும் வருகிறேன்.

முதலில் டீக்கடைக்குப் போவோம். ‘ரெண்டு ஸ்ட்ராங், ஒரு லைட்’ என்கிறோம். டீ என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்ததால் விழுந்துவிட்டது. பெயர் போய் அடைமொழி நின்றது. ஃபுவாவின் கதை மொத்தமும் இவ்வளவுதான்.

லத்தீனில் ஈரலுக்கு உண்மையான பேர் ‘யெகுர்’. ரோமர்கள் பன்றிக்கும் வாத்துக்கும் உலர்ந்த அத்திப்பழத்தை ஊட்டி ஊட்டி ஈரலைக் கொழுக்க வைத்தார்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி இதை எழுதி வைத்திருக்கிறார். பன்றிக்கு இந்த வித்தையைச் செய்தவர் அபிகியுஸ் என்பவராம். வயிறு நிறைய அத்தி கொடுத்து, கடைசியில் தேன் கலந்த ஒயினைக் குடிக்கவைத்து அப்படியே வெட்டிவிடுவார்களாம். படித்த அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படிக் கிடைத்த ஈரலுக்குப் பேர் ‘யெகுர் ஃபிகாத்தும்’. அத்திக்கு லத்தீனில் ‘ஃபீகுஸ்’, ஆகவே ‘அத்தியிட்ட ஈரல்’. கிரேக்கர்கள் இதே பொருளில் ‘ஹேபார் சிகோத்தோன்’ என்று வைத்திருந்ததைப் பார்த்து ரோமர்கள் போட்ட நகல் அது. கறிக்கடையில் எத்தனை தடவை முழுப்பேரையும் சொல்வான்? ‘ஒரு ஃபிகாத்தும் கொடு’ என்றாகியிருக்கும். யெகுர் விழுந்தது. அப்புறம் அத்தி சாப்பிட்ட ஈரல், சாப்பிடாத ஈரல், ஆட்டு ஈரல், கடைசியில் மனிதன் ஈரல், எல்லாமே ஃபிகாத்தும்.

இது நமக்குப் புதுசா? எண்ணெய் என்றால் எள்+நெய். ஆனால் தேங்காய் எண்ணெய் என்கிறோம், விளக்கெண்ணெய் என்கிறோம், ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கினோம். மண்ணெண்ணெயில் எள் எங்கே என்று யாராவது கேட்டதுண்டா? உங்கள் வீட்டுக்காரர் சிரிக்கும்போது இதைக் கேளுங்கள்.

சமையல்கட்டுச் சொல் மனித உடம்புக்குள் ஏறுமா என்றால், பிரெஞ்சில் தலைக்கு ‘தேத்’. அது லத்தீன் ‘தெஸ்தா’, மண்சட்டி. நம் மண்டையும் அப்படித்தான். புறநானூற்றில் மண்டை என்பது சோறும் கள்ளும் வாங்கும் கலம்.

இனி ஆதாரம். தம்பி, பிஸ்த்ரோ கதைக்கு ஒரு கல்வெட்டும் ஒரு கூச்சலும்தான் சாட்சி. இதற்குச் சாட்சிகள் ஊர் ஊராக நிற்கிறார்கள். இத்தாலியனில் அத்தி ‘ஃபீக்கோ’, ஈரல் ‘ஃபேகாத்தோ’. ஸ்பானியத்தில் அத்தி ‘ஈகோ’, ஈரல் ‘ஈகதோ’ (பழைய ஃபகரம் அங்கே ஹகரமாகி, அதுவும் வாயிலிருந்து மறைந்துவிட்டது, எழுத்தில் மட்டும் நிற்கிறது). போர்த்துக்கீசியத்தில் ‘ஃபீகாது’, ருமேனியனில் ‘ஃபிகாத்’. இத்தனை பேரும் ஒன்றுகூடிப் பொய்க்கதை கட்ட முடியாது.

எழுத்துச் சாட்சியும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சின் வடபகுதியில் என்று கருதுகிறார்கள், ஒரு சொற்பட்டியல் தயாரானது. பழைய லத்தீன் அப்போதே ஜனங்களுக்குப் புரியாமல் போயிருந்தது. அதனால் கடினச் சொல்லுக்குப் பக்கத்தில் பழகிய சொல்லை எழுதி வைத்தார்கள். நம் ஊர் கோனார் நோட்ஸ் மாதிரி. ரைஷனாவ் மடத்தில் இருந்ததால் ரைஷனாவ் சொற்பட்டியல் என்று பேர். கையெழுத்துப் படி இப்போது ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவில் இருக்கிறது. அதில் ‘யெகுர்’ என்ற பழைய சொல்லுக்கு எதிரே ‘ஃபிகாத்தோ’ என்று அர்த்தம் போட்டிருக்கிறது. ஈரலுக்கு அத்தியை வைத்து விளக்கம்! அதாவது அந்தக் காலத்திலேயே அசல் சொல்லுக்குத்தான் உரை தேவைப்பட்டது, அத்திச் சொல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

—

சும்மா_நம்பாதே எழுதியது:

ஐயா, எண்ணெய் என்னைக் கவிழ்த்துவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஃபிகாத்தும் எங்கே, ஃபுவா எங்கே? ஓர் எழுத்தைத் தவிர மிச்சம் எதுவும் ஒட்டவில்லையே.

—

புதுவை_வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. வகுப்பில் இப்படி ஒரு பையன் கேட்டிருந்தால் அன்றைக்கு மணி அடிக்கும்வரை இதையே பேசியிருப்பேன்.

முறைப்படி பார்த்தால் ஃபிகாத்தும் என்பதில் அழுத்தம் நடுவில், ‘கா’வில். அப்படியே வளர்ந்திருந்தால் பிரெஞ்சில் ‘ஃபியே’ ஆகியிருக்கும். ‘ப்ளிகாத்தும்’ என்ற லத்தீன் ‘ப்ளியே’ (மடித்த) ஆனது போல. ஆனால் இந்தச் சொல்லில் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிட்டது. முதல் உயிரும் இகரத்திலிருந்து எகரத்துக்குச் சாய்ந்தது. இத்தாலியன் ‘ஃபேகாத்தோ’வில் அந்த எகரம் காதில் விழுகிறது. ஸ்பானியத்தில் அழுத்தம் தாவியது, இகரம் தங்கியது. ருமேனியன் மட்டும் பழைய இடத்திலேயே, கடைசியில் அழுத்துகிறது. ஏன் தாவியது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. பக்கத்தில் புழங்கிய கிரேக்கச் சொல்லோடு உரசியதால் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கும் அது பிடித்த விளக்கம்.

அழுத்தம் தலையில் விழுந்தால் வால் தேயும். நடுவில் இருந்த ககரமும் தகரமும் கரைந்தன. எஞ்சியது ‘ஃபெயே’ மாதிரி ஒன்று. அந்த ‘எய்’ பிற்பாடு ‘ஒய்’ ஆனது. எழுத்துக்கூட்டல் அங்கேயே உறைந்துவிட்டது, அதனால்தான் இன்றைக்கும் எழுத்தில் ஓவும் ஐயும் ஈயும் வரிசையாக நிற்கின்றன. வாய் மட்டும் நிற்கவில்லை. ‘ஒய்’ அப்புறம் ‘வே’, அதற்கப்புறம் ‘வா’. பதினான்காம் லூயி காலத்து அரண்மனையில் ராஜாவை ‘ர்வே’ என்றுதான் சொன்னார்கள். ‘ர்வா’ என்பது பாரிசின் சாதாரண ஜனங்கள் வாயில் வளர்ந்தது, புரட்சிக்குப் பிறகு அதுவே மரியாதையான உச்சரிப்பாகிவிட்டது. கனடாவில் கெபெக் கிழவர்களிடம் பேசினால், ‘நான்’ என்கிற ‘முவா’வுக்கு ‘முவே’ இப்போதும் கேட்கலாம். கப்பலேறிப் போனவர்கள் பழைய சரக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மெழுகுவர்த்தி ஏற்றிய அம்மாவுக்கு ஒரு வார்த்தை. விசுவாசம் என்கிற ஃபுவா, லத்தீன் ‘ஃபிதேஸ்’. தடவை என்கிற ஃபுவா (ஒரு ஃபுவா, ரெண்டு ஃபுவா), லத்தீன் ‘விகெம்’. ஈரல், ‘ஃபிகாத்தும்’. மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள், தேய்ந்து தேய்ந்து ஒரே முகமாகிவிட்டன. தெற்கே பிரனே மலையடிவாரத்தில் ‘ஃபுவா’ என்று ஓர் ஊரும் இருக்கிறது. ஆகவே நீங்கள் ஏமாந்ததில் தப்பில்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளே எழுதும்போது இதில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

உங்கள் பையனுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தேய்ந்துபோன சொல்லில் ஒட்டுப்போட இடமில்லை. டாக்டர்களுக்கு அடைமொழி தேவைப்பட்டபோது கிரேக்க ‘ஹேபார்’ பக்கம் போய் ‘எபாத்திக்’ எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்கு ‘எய்’, ஆனால் கண் சார்ந்தது ‘ஒக்குலேர்’. தண்ணீருக்கு ‘ஓ’, தண்ணீர் சார்ந்தது ‘அக்குவாத்திக்’. எல்லாம் இந்தச் சங்கதிதான். ஃபுவாயிக் என்று எழுதிய பையன் இலக்கணப்படி யோசித்திருக்கிறான், மொழிதான் அவனுக்கு ஒத்துழைக்கவில்லை. அவனைத் திட்டாதீர்கள்.

—

பழைய_கப்பல்காரன் எழுதியது:

தங்கச்சி, வாத்தியார் ஐயா சொன்ன கிரேக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் இருபது வருடம் சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூமில் இருந்தவன். கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் ரிப்பேருக்காகப் பத்து நாள் நின்றோம். துறைமுகத்துக்கு வெளியே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. மெனுவில் கை வைத்துக் காட்டினால் கொண்டுவருவான். அப்படி ஒருநாள் வந்தது ஈரல் வறுவல், எலுமிச்சைச் சாறும் கற்பூரவள்ளி வாசமுள்ள ஏதோ காய்ந்த தழையும் போட்டு. பேர் என்ன என்றேன். ‘சிக்கோத்தி’ என்றான். கணக்குச் சீட்டு வரும்போது ஒரு தட்டில் அத்திப்பழம் வைத்தான், காசு வாங்கவில்லை. அதற்குப் பேர் கேட்டேன், ‘சீக்கோ’ என்றான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, எனக்குத்தான் காது கோளாறு என்று அன்றைக்கு நினைத்தேன். இஞ்சின் ரூம்காரனுக்குக் காது கோளாறு சகஜம். இன்றைக்குத்தான் விளங்குது.

—

போர்தோ_கிச்சன் எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இஞ்ச போர்தோவில ஒரு உணவகக் குசினியில பன்னிரண்டு வருசம். நவம்பர் தொடங்கினால் எங்கட கையெல்லாம் ஃபுவா க்ரா தான். ‘க்ரா’ எண்டால் கொழுத்த. வாத்தீரலை இரண்டாகப் பிரிச்சு உள்ள ஓடுற நரம்பைக் கிழியாமல் உருவி எடுக்கவேணும். முதல் வருசம் நான் உருவினது முழுக்கக் களியாப் போச்சு, செஃப் ஒரு வார்த்தை கதைக்கேல்ல, பார்த்த பார்வையே போதும்.

வாத்தியார் சொன்னதில நான் ஒண்டு சேர்க்கவேணும். இப்ப வாத்துக்கு அத்திப்பழம் ஒருத்தரும் குடுக்கிறதில்லை, சோளம்தான். கடைசி பத்துப் பன்னிரண்டு நாள் குழாய் வைச்சு இறக்குவினம். ஃபுவா க்ரா எண்டு விக்கிறதெண்டால் வாத்தீரல் ஆகக் குறைஞ்சது 300 கிராம், பெரிய வாத்து, அதுதான் கூஸ், எண்டால் 400 கிராம் இருக்கவேணும் எண்டு ஐரோப்பியச் சட்டம். இந்த ஊட்டுற முறை கொடுமை எண்டு பல நாடுகள் தடை செய்திட்டுது. பிரான்ஸ் 2006-ல அதை நாட்டின்ர பண்பாட்டுச் சொத்து எண்டு சட்டத்தில எழுதிப்போட்டுது. நான் வெட்டுவன், சமைப்பன், சாப்பிடுறதில்லை.

ஆனா பகிடி என்னெண்டால், தட்டில ஃபுவா க்ராவுக்குப் பக்கத்தில நாங்கள் வைக்கிறது அத்திப்பழ ஜாம்! பேரிலயும் அத்தி, பக்கத்திலயும் அத்தி. வயித்துக்குள்ள மட்டும் சோளம்.

—

மதுரைக்காரன்_எம்ஜிஎம் எழுதியது:

ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். துரத்தப்பட்ட அந்த ‘யெகுர்’ என்ன ஆச்சு? செத்தே போச்சா?

—

புதுவை_வாத்தியார் எழுதியது:

பிரெஞ்சில் செத்துவிட்டது. ஆனால் அதன் பங்காளிகள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். கிரேக்க ‘ஹேபார்’ ஒருவர். சமஸ்கிருத ‘யக்ருத்’ இன்னொருவர், ஆயுர்வேத டாக்டரிடம் போனால் கேட்கலாம். பாரசீகத்தில் ‘ஜிகர்’. எல்லாம் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. அந்த ஜிகர் உருது வழியாக உங்கள் ஊருக்கே வந்து, கீழவாசல் பக்கம் கண்ணாடி டம்ளரில் பாலும் கடற்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமுமாக உட்கார்ந்திருக்கிறது. ஜிகர்தண்டா. ஈரல் குளிர்ச்சி.

—

மதுரைக்காரன்_எம்ஜிஎம் எழுதியது:

அடப்பாவமே. நாற்பது வருடமாகக் குடிக்கிறேன்.

—

காரைக்கால்_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் முசே, உங்கள் எண்ணெய்க் கணக்கை வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் ‘அப்போ நல்லெண்ணெய்?’ என்றார். அவர் விழுந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

கான்டீனில் அந்த அம்மாவிடமும் சொன்னேன். அவள் தமிழச்சி சொல்லி பிரெஞ்சு கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று சிரித்தாள். மெழுகுவர்த்தி கதையை இப்போதும் புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லி என் மானத்தை வாங்குகிறாள்.

பையன்தான் ஒரு வேலை வைத்துவிட்டான். நோட்டில் ஈரல் படம் வரைந்து, அதற்குள்ளே ஓர் அத்திப்பழம் வரைந்து, பக்கத்தில் கதையையும் எழுதிக் கொண்டுபோனான். டீச்சர் அத்திப்பழத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. முசே, அந்த மடத்தின் பேரை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.